பிள்ளையாரை வரிசையில் எங்கே நிறுத்துவது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு என்னைத் தெரியாது. மேற்குத் தாம்பரத்தில், டிபன் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நம் அலுவலகத்தில் பல வருடம் புரோகிராம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன். என் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. முதலாளியிலிருந்து கீழே தோசை ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் நான் பாய். உங்களுக்கு உபயோகமாக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். என் அனுபவத்தில் பாதி நான் செய்த தப்பு, மீதி அதை மறைக்க நான் பட்ட பாடு. இரண்டும் ஒரே நாளில் நடந்த கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

நாம் விற்பது கல்யாண ஆல்பம் போடும் மென்பொருள் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். படத்தைத் திறக்க ஒன்று, சுருக்க ஒன்று, மாப்பிள்ளையின் நிறத்தை இரண்டு பங்கு ஏற்ற ஒன்று என்று ஊர் உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த நிரல் மூட்டைகளை, அதாவது லைப்ரரிகளை, இறக்குகிறோம். அவற்றை நாமே கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரிகிற மொழிக்கு மாற்றி, நம் புரோகிராமோடு சேர்க்கிறோம். சேர்த்து வைக்கிற ஆசாமிக்கு லிங்கர் என்று பெயர். இந்த லிங்கரோடு நீங்கள் ஆயுள் முழுக்கக் குடித்தனம் பண்ணப் போகிறீர்கள், அதனால் அவன் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து சீட்டோடு மார்க்கெட்டுக்கு அனுப்பப்பட்ட கணவனை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவின் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே வருவார். ஒவ்வொரு கடையிலும் அந்த நிமிஷம் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வாங்குவார். போகிற வழியில், "இதோட அதுவும் வேணுமே சார்" என்று கடைக்காரர்கள் சீட்டில் புதிதாக எழுதிவிடுவார்கள். அந்தப் பொருள் அடுத்து வரும் கடையில் கிடைத்தால் சரி. தாண்டி வந்த கடையில்தான் கிடைக்கும் என்றால் திரும்பிப் போய் வாங்க மாட்டார். வீட்டுக்கு வந்து, "ஊரிலேயே கிடைக்கலை" என்று சாதிப்பார். லிங்கரும் அதே ஜாதிதான். தாண்டி வந்ததைச் சொல்ல மாட்டான், 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று மட்டும் திரையில் எழுதுவான். கேட்ட ஆளை எங்கேயும் காணோம் என்று அதற்கு அர்த்தம்.

எல்லா லிங்கரும் இப்படியில்லை. சிலர் கேட்டால் திரும்பிப் போய் வாங்கி வருவார்கள். என் மேஜையில் இருந்த கணினியில் அப்படிப்பட்ட தங்கமான லிங்கர் இருந்தான். வெளியே அனுப்பும் பிரதியைத் தயாரிக்கும் பில்ட் மெஷினில் இருந்தவன் நான் மேலே சொன்ன ரகம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்து நம் முதலாளி. நல்ல மனுஷர், நல்ல புரோகிராமர். ஆனால் கடிதம், கரும்பலகை, காய்கறிச் சீட்டு, எது எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. கம்பெனியின் முதல் பிரதி திறந்தவுடன் படுத்துவிட்ட காலத்தில், அவர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு காரியம் செய்தார். 'பிள்ளையார்' என்ற பெயரில் ஒரு காலி லைப்ரரி எழுதினார். உள்ளே ஒன்றுமே கிடையாது. அதை லிங்கருக்குக் கொடுக்கும் வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால், நம் புரோகிராமுக்கும் முன்னால், முதல் ஆளாக நிறுத்தினார். அன்றைக்கே புரோகிராம் ஓடியது. காலையில் நான் வேறொரு பிழையைத் திருத்தியிருந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நம் கம்பெனியின் எந்தப் புரோகிராமிலும் முதல் லைப்ரரி அவர்தான். 'பிள்ளையாரை யாரும் தொடக் கூடாது' என்று பில்ட் மெஷினுக்கு மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதை டைப் அடித்து ஒட்டியவன் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் மசூதிக்குப் போகிற நான்தான் இத்தனை வருடம் அவருக்குக் காவல். புதிதாக வந்த பையன்கள், "காலி லைப்ரரி எதுக்கு சார், தூக்கிடலாமே" என்று வாயெடுத்தால் முதலாளிக்கு முன்னால் நான் பாய்ந்து அடிக்கப் போவேன்.

இப்படி இருக்கையில் ஒரு முகூர்த்த மாதத்தில் ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து புகார் மேல் புகார் வந்தது. ஆல்பத்தில் மாப்பிள்ளை நேராக நிற்கிறார், பெண் தலைகீழாக நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபர் கேமராவை ஒரு பக்கமாகவும், பெண் வீட்டுப் போட்டோகிராபர் இன்னொரு பக்கமாகவும் சாய்த்துப் பிடித்ததால் வந்த வினை. கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் தகப்பனார், "கட்டிக் கொடுத்த ஒரே வாரத்துல என் பொண்ணைத் தலைகீழா நிக்க வெச்சுட்டாங்களே" என்று கடைக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார். சனிக்கிழமைக்குள் திருத்திய பிரதி வேண்டும் என்று முதலாளி கெடு வைத்தார். ஞாயிறு முகூர்த்தம்.

படத்தை நிமிர்த்தும் சின்ன நிரல் ஒன்றை வெள்ளிக்கிழமை நான் எழுதினேன். அதை எங்கே வைப்பது என்று யோசித்தேன். ஆல்பம், அச்சு, திரை என்று எல்லா இடத்திலும் அது வேண்டும். எல்லாப் புரோகிராமும் தவறாமல் சேர்த்துக்கொள்கிற லைப்ரரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் காலியாக இருந்தது. நாலு பேர் பார்க்காத நேரமாக அதைப் பிள்ளையாருக்குள் வைத்துவிட்டேன். என் மேஜையில் கம்பைல் செய்தேன், தங்கமாக ஓடியது. பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

அந்த வாரம் பில்ட், எங்களோடு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுடையது. அப்போதெல்லாம் வாரம் ஒருவர் பில்டுக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால் அலுவலக ஷட்டர் சாவியே அவர் கையில் இருக்கும். பில்ட் முடியாமல் ஷட்டர் இறங்காது. சாவி வாரத்தின் நடுவில் கை மாறினால் ஆகாது என்பது முதலாளியின் இன்னொரு சென்டிமென்ட்.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கேளம்பாக்கத்தில் ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம். அது மூன்றாவது தேதி. முதல் தேதி ஒரு ரிலீஸால் தள்ளிப் போனது. இரண்டாவது தேதி மழையால் தள்ளிப் போனது. அந்த மழையையும் மாப்பிள்ளையின் அம்மா நம் கம்பெனிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. "இந்தத் தடவையும் வேலை இருக்குன்னு சொன்னா, அந்தப் பொண்ணு வேலையையே கட்டிக்கட்டும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். வேலையை விட்டால்தான் கல்யாணம் என்றும் ஒரு பேச்சு அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவுக்கு அந்தப் பையனும் வேண்டும், இந்த வேலையும் வேண்டும். காலை பத்து மணிக்கு பில்டைத் தட்டிவிட்டு, பதினொன்றரைக்குக் கிளம்பிவிடலாம் என்று பட்டுப்புடவையைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

பத்து மணிக்கு பில்ட் விழுந்தது. நாற்பத்து மூன்று பிழை.

பில்ட் மெஷினைப் பராமரிக்கும் டில்லி முதலில் வந்து பார்த்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவன், கெட்டிக்காரன், கை மட்டும் சும்மா இருக்காது.

"இன்னா பாய் இது, பேஜாரா கீது. லைப்ரரி அங்கயே தான் கீது, இல்ல இல்லங்குது" என்றான்.

"ரீஸ்டார்ட் பண்ணியா?" என்று கேட்டேன். நாற்பது வருட அனுபவம் முதலில் கேட்கிற கேள்வி அது.

ரீஸ்டார்ட் செய்தான். நாற்பத்து மூன்று. பட லைப்ரரி பழசாகிவிட்டது என்று புதியதை இறக்கிக் கம்பைல் செய்தான். நாற்பத்து மூன்று. லிங்கருக்கு லைப்ரரி இருக்கும் இடம் தெரியவில்லையோ என்று அதே லைப்ரரியை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்தான். "எங்க தேடுனாலும் சிக்கும்ல?" என்றான். இப்போது அறுபத்தொன்று. முதலாளி சூடம் கொண்டு வந்து பில்ட் மெஷினுக்குக் காட்டினார். புகையைக் கண்டு அலாரம் கத்தியது. அதை அணைக்க டில்லி மேஜை மேல் ஏறினான். ஸ்டெல்லா மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. டில்லி செய்கிற ஒவ்வொன்றையும், எந்தக் கோப்பு எங்கே போனது என்பதோடு, தன்னுடைய நிச்சயதார்த்த அழைப்பிதழ் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, "உம்" கொட்டிக்கொண்டு நின்றேன். மூத்தவர்கள் அப்படி நின்றால் யோசிக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துவிடாதீர்கள்.

கிண்டியில் என் முதல் வேலையில் ஒரு அம்மா எனக்கு மேலதிகாரியாக இருந்தார். பிழை வந்தால் ஒரு ஃபைல் அட்டையை எடுத்துத் திரையின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுவார். "முதல் எர்ரரைப் படி. மத்ததெல்லாம் அதோட பிள்ளைக்குட்டி" என்பார். பன்னிரண்டரை மணிக்கு, மேஜையில் கிடந்த ஸ்வீட் பாக்ஸ் மூடியைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது. மூடியை எடுத்துத் திரையை மறைத்து, முதல் பிழையைப் படித்தேன். காணாமல் போனது நான் எழுதிய நிமிர்த்தும் நிரல்.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. லிங்கர் வீட்டு வாசலை விட்டு இறங்கியதும் வருகிற முதல் கடை பிள்ளையார். அப்போது சீட்டு வெறுமையாக இருக்கும். எதுவும் வாங்காமல் தாண்டிப் போய்விட்டான். அதற்கப்புறம் ஆல்பமும் அச்சும் திரையும், 'நிமிர்த்துவதற்கு ஆள் வேணும்' என்று சீட்டில் எழுத எழுத, கடை பின்னால் போய்விட்டது. இத்தனை வருடமும் கடை காலி என்பதால் அது எங்கே இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதில் சரக்கு வைத்தவன் நான்.

தீர்வு ஒரே வரி. பிள்ளையாரை வரிசையின் கடைசிக்குக் கொண்டு போக வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆனால் அதற்கு, தொடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவனே தொட்டுவிட்டான் என்று அந்த நோட்டீஸுக்குக் கீழேயே நின்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. வெட்கம் என்னைப் பிடித்து அமுக்கிவிட்டது. நான் ஒரு திட்டம் போட்டேன். ஸ்டெல்லா நாற்காலியை விட்டு ஐந்து நிமிஷம் எழுந்தால் போதும், நான் உட்கார்ந்து சத்தமில்லாமல் வரிசையை மாற்றிவிடுவேன். பில்ட் ஓடிவிடும். சூடத்துக்குப் பலன் கிடைத்ததாக முதலாளியும் சந்தோஷப்படுவார்.

"ஸ்டெல்லா, போய் ஒரு வாய் சாப்பிட்டு வாம்மா."

"பசிக்கலை சார்."

"அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு. இங்க சிக்னல் கிடைக்காது, மாடிப்படிக்குப் போ."

"மெசேஜ் போட்டுட்டேன் சார்."

கீழேயிருந்து காபி வாங்கி வந்து, அதை வேண்டுமென்றே அடுத்த அறையில் வைத்துவிட்டு, "காபி அங்க இருக்கு" என்றேன். டில்லி போய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். அவனை அன்று வெறுத்தேன். அறை புழுக்கமாக இருக்கிறது என்று மேஜை விசிறியை எடுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே முழு வேகத்தில் வைத்தேன். காகிதம்தான் பறந்தது, அவள் பறக்கவில்லை. நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். "ஆடலை சார், நல்லாருக்கு" என்றாள். கடைசியில், "கரன்ட் போகப் போகுதாம், அதுக்குள்ள முகம் கழுவிட்டு வந்துடு" என்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு பொய்யும் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"காலைலேருந்து நான் சாப்பிட்டேனா, களைப்பா இருக்கேனான்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான் சார். நீங்க ரொம்ப நல்லவர்."

கன்னத்தில் ரெண்டு அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்போது மணி ஒன்றே கால்.

"நான் நல்லவன் இல்லம்மா" என்றேன். "உன்னை அந்த நாற்காலியிலேருந்து எழுப்பத்தான் இவ்வளவும். பிள்ளையாருக்குள்ள நிரலை வெச்சது நான். அவரு முதல்ல நிக்கிறதாலதான் லிங்கருக்குக் கிடைக்கலை."

ஸ்டெல்லா கோபப்படவில்லை. "அப்ப வரிசையை மாத்துனாப் போதுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

"பாய்... நீங்களா தொட்டீங்க?"

"நான்தான் சார்."

"அந்த நோட்டீஸ்?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தொட்டதுகூடப் போகட்டும். அவரைக் கொண்டு போய்க் கடைசியில நிறுத்தறதா? நம்ம கம்பெனி என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

நிரலைப் பிள்ளையாரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றேன். "அவருக்குக் கொடுத்ததைப் புடுங்கறதா?" என்று இன்னும் பதறிவிட்டார்.

டில்லிதான் வாயைத் திறந்தான். "சார், ஸ்டெல்லா கண்ணாலம் நின்னு பூடும் சார். பிள்ளையாரு இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டாரு."

"நீ கேட்டியா?"

"கேட்டா போச்சு. முக்குலதான கீறாரு. குருக்களுக்கு ஒரு போன் போடு சார்."

முதலாளி நிஜமாகவே போன் போட்டார். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த குருக்களுக்கு, ஸ்பீக்கரில், லிங்கர் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். மார்க்கெட், சீட்டு, கணவன் என்று நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். குருக்கள் பாதியிலேயே மறித்தார்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கோ. கார்த்தால ஆபீஸ் போறச்சே என்ன பண்றேள்?"

"கோயில் வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் போறேன் சாமி."

"சாயங்காலம் ஆத்துக்குத் திரும்பறச்சே?"

"அப்பவும் கும்பிடறேன்."

"பின்னே என்ன? முதல்லயும் அவர் இருக்கட்டும், கடைசியிலயும் இருக்கட்டும். ரெண்டு தரம் பேரைச் சொன்னா அவர் வேண்டாம்னு சொல்லப் போறாரா? நான் சித்த சாய்ஞ்சுக்கணும், வெச்சுடறேன்."

லிங்கர் வரிசையில் ஒரே லைப்ரரியின் பெயரை இரண்டு தடவை எழுதலாம். எழுதினால் அவன் அந்தக் கடைக்கு இரண்டு தடவை போவான். எத்தனையோ கையேட்டில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். எனக்கு அது தோன்றாமல் குருக்களுக்குத் தோன்றியது. ஸ்டெல்லா வரிசையின் கடைசியில் இன்னொரு பிள்ளையாரைச் சேர்த்துப் பொத்தானைத் தட்டினாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்பத்து மூன்று போய்விட்டது. பாக்கி பதினெட்டு நின்றது. எல்லாம் டில்லி மூன்று இடத்தில் பதுக்கி வைத்த புதுப் பட லைப்ரரி செய்த வேலை. பழையதன் தலையும் புதியதன் உடம்பும் சேர்ந்துகொண்டு ஒன்றையொன்று தெரியாது என்றன. எதை எங்கே வைத்தோம் என்று டில்லிக்கு ஒன்றும் நினைவில்லை. "மூணா நாலா பாய்?" என்று என்னையே கேட்டான்.

ஸ்டெல்லா அழைப்பிதழைத் திருப்பினாள். கடைசி வரியில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போய், செய்ததையெல்லாம் செய்யாததாக ஆக்கினாள். இருபது நிமிஷத்தில் மெஷின் காலை பத்து மணிக்கு இருந்த நிலைமைக்கு வந்துவிட்டது. உங்களில் யாருக்காவது இது சாதாரணமாகத் தோன்றினால், பதற்றத்தில் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும் அறையில் ஒருதரம் எழுதிப் பாருங்கள். என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

முழு பில்டும் ஓடி முடித்து, கூடுவாஞ்சேரி ஆல்பத்தைத் திறந்து, பெண், மாப்பிள்ளை இருவர் தலையும் மேலே இருப்பதைப் பார்த்துக் கடைக்காரருக்கு அனுப்பும்போது மணி மூன்று இருபது. ஸ்டெல்லா அட்டைப் பெட்டிகள் அடைத்த ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பட்டுப்புடவையில் வெளியே வந்தாள். ஷட்டரை அவளே இறக்கிப் பூட்டினாள். முதலாளி தன் பழைய காரை எடுத்தார். அவர், நான், டில்லி, ஸ்டெல்லா. வண்டலூரில் வண்டி எறும்பாக ஊர்ந்தது. வழியில் வந்த ஒவ்வொரு பிள்ளையார் கோயிலுக்கும் முதலாளி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் நான், உயிர் போகிற நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டேன்.

கேளம்பாக்கத்து மண்டபத்துக்குள் நுழையும்போது நாலே முக்கால். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை பாவம், வாசலையே பார்த்து நின்றிருந்தான். அவனுடைய அம்மா முன் வரிசையில், பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நின்றார்.

"மணி என்னம்மா?"

"நாலே முக்கால், ஆன்ட்டி. சாரி. இந்த வாரம் பில்ட் என் பொறுப்பு. அதுல ஒரு..."

"அப்ப கல்யாணத்தன்னிக்கும் இதே பதில்தானா? நான் சொன்னது சரியாப் போச்சு. ஒண்ணு அந்த வேலை, இல்ல..."

ஸ்டெல்லா என் பெயரைச் சொல்லியிருக்கலாம், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் முன்னால் போனேன்.

"அம்மா, இது அவ வேலையால வந்த தாமதம் இல்ல. நான் செஞ்ச தப்பு."

என் பின்னாலிருந்து முதலாளி, பிள்ளையாரை ஏன் முதலிலும் கடைசியிலும் நிறுத்த வேண்டியிருந்தது என்று பாஸ்டருக்கு விளக்கத் தொடங்கினார். பாஸ்டர் பொறுமையாகக் கேட்டு, "முதலும் கடைசியும்னா எங்களுக்கும் பழக்கம்தாங்க, பைபிள்ல ஆண்டவரையே அப்படித்தான் சொல்லியிருக்கு" என்று சிரித்தார். டில்லி லிங்கரைப் பற்றி மாப்பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தான். தலைமை ஆசிரியை ஒரு கையை உயர்த்தினார். மூன்று பேரும் கப்சிப்.

"நீங்க சொல்லுங்க. தப்பு உங்களுதுன்னு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

ஒன்றே கால் என்று சொல்லிவிடலாம். அந்த மண்டபத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பன்னெண்டரைக்கும்மா."

"வெளிய சொன்னது?"

"ஒண்ணே காலுக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் அந்தப் பார்வைக்கு அழுதார்களோ.

"முக்கால் மணி நேரம். நாங்க எல்லாரும் இங்க உக்காந்திருந்ததும் அதே முக்கால் மணி நேரம்தான். கணக்கு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா."

"அப்ப வேலையால ஒரு நிமிஷம்கூட லேட் ஆகலை." ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பி, அவள் புடவை மடிப்பில் ஒட்டியிருந்த அட்டைப் பெட்டித் தூசியைத் தட்டிவிட்டார். "நீ போய் அவன் பக்கத்துல நில்லும்மா. வேலையை விடற பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம்." எனக்கு, "நீங்க பின் வரிசை" என்றார்.

பின் வரிசையில்தான் உட்கார்ந்தேன். பாஸ்டர் ஜெபம் செய்தார், மோதிரம் மாற்றினார்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டில்லி, "இன்னா பாய், வூட்ல யாராச்சும் பூட்டாங்களா?" என்று என் தொடையில் தட்டினான்.

பிழை எல்லோருக்கும் வரும் பிள்ளைகளே. உங்களுக்கும் வரும், நாளைக்கே வரும். லிங்கரை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அவனைச் சமாளித்துவிடுவீர்கள். ஆனால் இப்போது நீங்கள் மேடம் என்று கூப்பிட்டு, வேலையை ஒப்படைத்து, கையெழுத்து வாங்குகிற ஆள் அந்த ஸ்டெல்லாதான். அவரிடம் ஒன்று மட்டும் செய்யுங்கள். பன்னிரண்டரைக்குத் தெரிந்ததைப் பன்னிரண்டரைக்கே சொல்லிவிடுங்கள்.